ஒரே திருப்பில் கிளம்பிய வண்டி

சாவியைத் திருப்பியதும் வண்டி கிளம்பிவிட்டது. வேறு யாராயிருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அவள் சாவியிலிருந்து கையை எடுக்காமல் எஞ்சின் சத்தத்தையே கேட்டாள். கிழட்டுக் கார் அது. நின்று எடுத்தால் இருமி, இழுத்து, தெருவையே கூட்டிவிட்டுத்தான் பிடிக்கும். காலையிலிருந்து வாசலைவிட்டு அசையவில்லை என்று சொல்லப்படும் அந்தக் கார், நீச்சல் வகுப்பிலிருந்து மகளைக் கூட்டிவர அவள் ஏறி உட்கார்ந்ததும் சொன்ன பேச்சைக் கேட்கிறது என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மெக்கானிக் சொல்லியிருந்தார்.

போன மாதம் அவள்தான் வண்டியை அவரிடம் கொண்டுபோனாள். பிளக்கைப் பார்த்தார், பேட்டரியைப் பார்த்தார், கடைசியில் பெட்ரோல் போகும் குழாயில் ஒரு மீட்டரை மாட்டினார். எஞ்சின் ஓடும்போது முள் நிமிர்ந்து நின்றது. அணைத்ததும் மெல்ல மெல்லச் சரிந்து, அவர் டீ குடித்து இன்னொரு வண்டிக்குச் சக்கரம் மாட்டி வருவதற்குள் அடியில் போய்ப் படுத்துக்கொண்டது.

"டேங்குக்குள்ள பம்புல ஒரு வால்வு இருக்கும்மா. ஏறின பெட்ரோலைத் திரும்ப இறங்க விடாமப் பிடிச்சு வைக்கிறது அதுதான். தேஞ்சு போச்சு. ஓட்டிட்டு வந்த கையோட எடுத்தா உடனே பிடிக்கும். அரை மணி நின்னா பிரஷர் போயிடும், அப்புறம் இந்தப் பாடுதான்."

புதுப் பம்பு வரும்வரை ஒரு வழியும் சொல்லிக்கொடுத்தார். சாவியைப் பாதி திருப்பி நிறுத்து, பின்னால் பம்பு ஓடும் சத்தம் அடங்கட்டும், அணை. இப்படி இரண்டு மூன்று தடவை செய்துவிட்டுக் கிளப்பு. புருஷனிடமும் இதைச் சொல்ல வேண்டும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அதற்குள் ஒரு செவ்வாய்க்கிழமை வண்டி ஒரே திருப்பில் பிடித்துத் தொலைத்தது.

புருஷனுக்கு அச்சகத்தில் இரவு வேலை. காலையில் வந்து படுத்தால் சாயங்காலம்தான் எழுந்திருக்கிறானாம். மூக்குக்கண்ணாடிக் கடை வேலை முடிந்து அவள் வரும்போது கொட்டாவி விட்டபடியே கதவைத் திறப்பான். என்ன ஒரு கொட்டாவி! நாடகத்தில் சேர்த்துவிட்டிருக்கலாம்.

"எங்கயாவது போயிருந்தீங்களா?"

"நானா? அடிச்சுப் போட்ட மாதிரி தூங்கிட்டிருந்தேன்."

செவ்வாயும் வெள்ளியும்தான் இந்தக் கூத்து. மற்ற நாளெல்லாம் வண்டி பழையபடி முரண்டு பிடித்தது. அந்த இரண்டு நாளும் டிரைவருக்குப் பக்கத்து சீட் கடைசி மட்டும் பின்னால் தள்ளியிருந்தது. யாரோ கால் நீண்டவள் உட்கார்ந்து போகிறாள். மனதுக்குள் அவளுக்கு நெட்டச்சி என்று பெயர் வைத்தாள். பெயர் வைத்ததும் நெட்டச்சிக்கு முகம் வந்தது, சிரிப்பு வந்தது, கால்மேல் கால் போடும் திமிரும் வந்தது. கடைக்கு உயரமான பெண் யாராவது கண்ணாடி வாங்க வந்தால், பாவம், அவளிடம் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை.

இத்தனைக்கும் அவன் வாயில்லாப் பூச்சி. மாமியாரோடு சண்டை வந்த அன்றும் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவன்தான். விருந்தாளிகள் நடுவில் மாமியார், "இவளுக்குப் பிள்ளை வளர்க்கத் துப்பில்லை" என்றுவிட்டார். "இனி உங்க அம்மா உட்காருற வண்டியில நான் ஏற மாட்டேன்" என்றாள் இவள். மாமியார் பெட்டியைக் கட்டிக்கொண்டு மகள் வீட்டுக்குப் போனார். ஒரு வருஷமாகிறது, பேச்சில்லை. வழுக்கி விழுந்ததாகச் செய்தி வந்தபோதுகூட இவள் "ஓ" என்றதோடு சரி. அக்கா பார்த்துக்குவா என்று அவனும் முடித்துக்கொண்டான். அப்படிப்பட்டவனுக்கு எங்கிருந்து வந்தது இந்தத் துணிச்சல்?

மெக்கானிக் போன் செய்தார். "பம்பு வந்துருச்சும்மா. வண்டியைக் கொண்டாங்க."

"இப்ப வேண்டாம்ணே."

"நடுவழியில நின்னு மானத்தை வாங்கிடும்."

"வாங்கட்டும்."

வீட்டில் பொய் சொல்லத் தெரியாத ஒரே ஜீவன் அந்த ஓட்டை வால்வுதான். அதைப் போய் சரிசெய்வாளா?

அடுத்த வெள்ளிக்கிழமை அரைநாள் லீவு போட்டாள். தெருமுனை மருந்துக் கடையில் நின்றிருந்தபோது கார் கடந்து போனது. ஒரு டாக்ஸியில் ஏறிப் பின்னால் போகச் சொன்னாள். டிரைவர் கண்ணாடியில் அவளை ஒருமுறை பார்த்துவிட்டுக் கியரைப் போட்டார். கார் ஓர் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தது. அவன் வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு உள்ளே போனான். நர்ஸா! நெட்டச்சிக்கு இப்போது வெள்ளை உடுப்பும் வந்துவிட்டது. மரத்தடியில் நின்று நின்று அவளுக்குக் கால் கடுத்தது. ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும், அவன் ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தான்.

நாற்காலியில் மாமியார். காலையில் அவன் அக்கா கொண்டுவந்து விட்டுப் போயிருக்க வேண்டும். வலது காலுக்குக் கட்டை வைத்துக் கட்டியிருந்தது. மடக்க முடியாத அந்தக் காலை அவன் இரண்டு கையாலும் ஏந்தி, பின்னால் தள்ளிய சீட்டுக்கு முன்னால் பதமாக இறக்கினான்.

அப்பாடா என்றிருந்தது. அது ஒரு நொடிதான். அடுத்த நொடி பளாரென்று அறை விழுந்த மாதிரி இருந்தது. நெட்டச்சி ஒருத்தி இருந்திருந்தால் கத்தியிருக்கலாம், ஊரைக் கூட்டியிருக்கலாம், நியாயமாவது அவள் பக்கம் இருந்திருக்கும். பெற்ற தாயை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிப் போக ஒருவன் கள்ளக் காதலன் மாதிரி ஒளிந்து திரிந்திருக்கிறான். என்மேல் அவ்வளவு பயமா?

அவன் வண்டியைக் கிளப்பினான். பிடிக்கவில்லை. மறுபடி இழுத்தான். மறுபடியும். எஞ்சின் முனகியதே தவிர மூச்சு வரவில்லை. ஒவ்வொரு இழுப்புக்கும் பேட்டரி சோர்ந்துகொண்டே வந்தது. திறந்த ஜன்னல் வழியாக மாமியாரின் குரல் கேட்டது.

"அவ வர்ற நேரமாச்சு தம்பி. நீ வேற வண்டி பிடிச்சுப் போயிடு. நான் இப்படியே இருந்துக்கறேன்."

புதுப் பம்பு பட்டறையில் பெட்டி பிரிக்காமல் கிடக்கிறது. வேண்டாம் என்று சொன்ன வாய் இவளுடையது. அவள் மரத்தடியை விட்டு நேராக நடந்துபோய் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தாள்.

"நீ... நீ எப்படி இங்க..."

"பின்னால போய் உட்காருங்க."

அவன் இறங்கிப் பின்னால் போய் உட்கார்ந்தான். அவள் ஏறினாள். மாமியார் முந்தானையை இழுத்துக் கால்கட்டை மூடிக்கொண்டார். யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவள் சாவியைப் பாதி திருப்பி நிறுத்தினாள். பின்னால் எங்கோ பம்பு மெலிதாகப் பாடி அடங்கியது. அணைத்தாள். மறுபடி திருப்பினாள்.

"கிளம்பிருச்சா?" என்றார் மாமியார், ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி.

"இன்னும் இல்ல, அத்தை."

மூன்றாவது தடவை பம்பு பாடியது. பேட்டரியில் இன்னும் ஒரு இழுப்புக்குத்தான் தெம்பிருக்கும். சாவியில் வைத்த கையை எடுக்காமல், அந்தச் சத்தம் அடங்குவதற்காக அவள் காத்திருந்தாள். மற்ற இருவரும் அதையே கேட்டுக்கொண்டிருந்தார்கள்.