குப்பைமேனிக் கட்டு

கிருமி வளர்த்த தட்டை ஆய்வகத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. எம்.எஸ்சி. இரண்டாம் வருடம் படிக்கும் கலைவாணிக்குத் தெரியாத விதியா? அப்பாவிடம் காட்டும் ஆசை கண்ணை மறைத்தது. 2006 ஜூலையில் ஒரு சாயங்காலம், தட்டைச் சுற்றி டேப் ஒட்டி, டிபன் பாக்ஸுக்குள் வைத்து மூலக்குளம் பஸ் ஏறிவிட்டாள்.

அப்பா கலியமூர்த்தி பழைய மில் தொழிலாளி. சர்க்கரை நோயாளி. இடது பாதத்தில் புண் வந்து பத்து நாளாகிறது. உடனே வந்து படுங்கள், ஊசி மருந்து ஏற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரியில் படுத்தால் காலை எடுத்துவிடுவார்கள் என்று மனிதருக்கு அப்படியொரு பயம்.

“இங்க பாருங்கப்பா. வெள்ளையா படிஞ்சிருக்கே, அது சீழ் புடிக்கவெக்கிற கிருமி. நடுவுல இருக்கிற காகித வில்லைய குப்பைமேனிச் சாறுல நனைச்சு வெச்சேன். சுத்தியும் ஒண்ணுகூட வளரல பாருங்க. பதினெட்டு மில்லிமீட்டர் வட்டம்!”

“அப்புறம் எதுக்குடி ஆஸ்பத்திரி? நம்ம ஊட்டுப் பின்னாலயே மண்டிக் கெடக்குது.”

அவள் தடுத்திருக்க வேண்டும். தட்டில் சாவது வேறு, உடம்பில் சாவது வேறு என்று பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியவள்தான். அப்பா முகத்தில் தெரிந்த நிம்மதியைக் கெடுக்க மனசு வரவில்லை. அவளே இலையை அரைத்துக் கட்டினாள். பச்சிலைக் கட்டை ஏழு நாள் பிரிக்கக் கூடாது என்பது கலியமூர்த்தியின் சட்டம். அதற்கும் தலையாட்டினாள். படித்த பிள்ளை!

ஆறாம் நாள் ஆய்வகத்தில் பேராசிரியர் நிர்மலா மேடம் அவள் நோட்டைப் புரட்டினார். “சாறு எடுத்தது மெத்தனால்லதானே? வெறும் மெத்தனால் வில்லை ஒண்ணு பக்கத்துல வெச்சியா?”

வைக்கவில்லை. அவசரத்தில் வில்லைகளைக் காயவிடவும் இல்லை. அன்றே அதேபோல ஈரத்தோடு ஒன்று வைத்தாள். மறுநாள் பார்த்தால், இலையே படாத வில்லையைச் சுற்றியும் அதே வட்டம், அதே பதினெட்டு. கிருமியைக் கொன்றது சாறு இறக்க ஊற்றிய மெத்தனால். குப்பைமேனி சும்மா கூட இருந்திருக்கிறது.

வீட்டுக்கு ஓடினாள். கட்டைப் பிரித்தபோது விரல்கள் கறுத்து நாறின. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ஒரு வாரம் முன்னால் வந்திருந்தால் ஒரு விரலோடு போயிருக்கும் என்று டாக்டர் அவளிடம் தனியாகச் சொன்னார்.

பக்கத்துக் கட்டிலில் அரியாங்குப்பத்து அம்மாவாசை. அவருக்கும் காலில் புண், சின்னதுதான்.

“எம் பொண்ணு காலேஜில சோதிச்ச எல. எனக்குத்தான் லேட்டாயிடுச்சு. நீ ஊட்டுக்குப் போயி கட்டு, ஆறிடும்” என்றார் கலியமூர்த்தி.

அம்மாவாசையின் மனைவி செல்வாம்பாள் துணிகளைப் பையில் அடுக்கத் தொடங்கிவிட்டாள். “எத்தினி நாளு கட்டணும் பாப்பா?”

அப்பா பெருமையோடு கலைவாணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“கட்டாதீங்கக்கா. அந்த எல ஒண்ணும் பண்ணல. நான்தான் தப்பா சோதிச்சேன். எங்கப்பா கால் போனதே என்னாலதான்.”

செல்வாம்பாள் பையைக் கீழே வைத்தாள்.

“டாக்டராண்டகூட சொல்லி வெச்சிருக்கேனேடி, எம் பொண்ணு கண்டுபுடிச்சதுன்னு” என்றார் கலியமூர்த்தி. பிறகு முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.