கேள்வியைத் திருப்பிச் சொல்லுங்கள்

"கால்ல விழுந்து மன்னிப்புக் கேக்கட்டும். அதோட விஷயம் முடிஞ்சுது" என்றார் பள்ளி முதல்வர் நிம்கர், தேநீரில் சர்க்கரையைக் கலக்கிக்கொண்டே.

ஷைலஜா மோகாசிக்கு அந்தக் கரண்டிச் சத்தமே எரிச்சலாக இருந்தது. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறாள். அதற்கு இந்த மனிதர் மாற்றுச் சான்றிதழைத் தட்டச்சு செய்து மேசைமேல் தயாராக வைத்திருக்கிறார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. நடத்தை என்ற இடத்தில் 'திருப்தியில்லை' என்று வேறு போட்டிருக்கிறது. அந்தச் சொல்லோடு வெளியே போனால் உத்பலா வாக்மாரேவை கராட் ஊரில் எந்தப் பள்ளியும் சேர்த்துக்கொள்ளாது.

"கேள்வி கேக்கச் சொல்லிக் குடுத்தது நான். அதுக்குன்னு ஒரு வகுப்பு வெச்சது நீங்க" என்றாள் ஷைலஜா.

"வகுப்புல கேக்கட்டும் டீச்சர். விருந்தாளிங்க முன்னாடியா கேக்கறது? கேள்வி கேக்கறதெல்லாம் மேல்நாட்டு வழி. பெரியவங்களுக்குப் பணிஞ்சு போறது நம்ம வழி. எதை எங்க வைக்கணும்னு ஒரு அளவு இருக்குல்ல?"

"கேள்வி அவங்க சொத்துன்னு யார் சார் சொன்னது? நம்ம ஆளுங்க காலங்காலமா கேள்வி கேட்டே ஒருத்தரை ஒருத்தர் தூங்க விடல. பணிவு நம்ம சொத்துன்னு யார் சொன்னது? அவங்க பள்ளிக்கூடத்துல பிரம்பு இல்லாமயா இருந்துச்சு?"

"கோபமா இருக்கீங்க."

"ஆமா, இருக்கேன்."

"போய்த் தண்ணி குடிங்க" என்றார் நிம்கர். "நாளைக்குச் சபையில எல்லார் முன்னாடியும் அந்தப் பொண்ணு வந்து கால்ல விழட்டும். இல்லேன்னா அவங்கம்மா இந்தத் தாளை வாங்கிட்டுப் போகட்டும்."

நிம்கர் ஜெர்மனியில் தத்துவம் படித்து முனைவர் பட்டம் வாங்கியவர். கிழக்குக்கும் மேற்குக்கும் கல்யாணம் செய்துவைக்கப்போகிறேன் என்று ஊரெல்லாம் சொல்லி, கிருஷ்ணா நதிக்கரையில் இந்தப் பள்ளியைத் தொடங்கினார். காலையில் சுலோகம், ஆசிரியர் காலைத் தொட்டு வணக்கம். மதியத்துக்கு மேல் கிரேக்கர் பாணியில் பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து எதை வேண்டுமானாலும் கேட்கும் வகுப்பு. இதைப் பார்க்க வெளிநாட்டிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்தார்கள். கல்யாணம் நடந்ததோ இல்லையோ, மொய் நன்றாகவே சேர்ந்தது.

காலைக்கும் மதியத்துக்கும் நடுவில் சாப்பாடு என்று ஒன்று இருந்தது. ஒரே பாத்திரத்தில் வெந்த பருப்புச் சோறு, ஒரே கூடத்தில் பந்தி. ஆனால் யார் எந்த வரிசை என்பதற்கு ஒரு கணக்கு. வீட்டில் மீனும் கறியும் சமைக்கிறவர்கள் பின்வரிசை, மற்றவர்கள் முன்வரிசை. உணவுப் பழக்கத்துக்கு மரியாதை, அதனால் சமூக இணக்கம் என்று அதற்கு நிம்கர் ஒரு கட்டுரையே எழுதியிருந்தார். பத்து வருடமாக அந்த வரிசைகளுக்கு நடுவே நெய்க் கிண்ணத்தோடு நடந்தவள்தான் ஷைலஜாவும். ஒரு நாள்கூட அவளுக்கு வாய் திறக்கத் தோன்றவில்லை.

உத்பலாவுக்குத் தோன்றியது. போன வாரம் வெளிநாட்டு விருந்தினர் வட்டத்தில் வந்து உட்கார்ந்து, "எது வேண்டுமானாலும் கேளுங்கள்" என்றபோது அவள் எழுந்து நின்றாள்.

"இங்க எல்லாரும் ஒரே பருப்புச் சோறுதான் சாப்பிடறோம். அப்புறம் ஏன் எங்க வீட்டு அடுப்பைப் பார்த்து உட்கார வைக்கறீங்க? சரி, அதையாவது ஒழுங்காப் பாருங்க. நம்ம பள்ளிக்கூடத் தலைவர் ஜக்தாப் ஐயா வீட்ல ஞாயித்துக்கிழமை மட்டன், தெருவே மணக்கும். அவர் பேரன் முன்வரிசை. எங்க வீட்லயும் அதே கடை மட்டன்தான். நான் பின்வரிசை. மட்டன்ல என்ன சார் வித்தியாசம்?"

மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டிய நிம்கர், "இந்தப் பெண் நம் உணவு வகைகளைப் பற்றிப் பேசுகிறாள்" என்று விருந்தினரிடம் சொல்லிவிட்டு, அடுத்த கேள்விக்குப் போனார். அந்தப் பொய்யைத்தான் ஷைலஜாவால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள் சனிக்கிழமை. சனிக்கிழமைகளில் சபையில் வாதம் நடக்கும். அதுவும் நிம்கர் கொண்டுவந்ததுதான். பழைய பண்டிதர்களின் முறையாம். இரண்டு பேர் மேடையில் ஏறி, எதிரெதிரே மணைப்பலகையில் உட்கார வேண்டும். எதிராளியை மறுப்பதற்கு முன்னால் அவர் கட்சியை அவரைவிட நன்றாக எடுத்துச் சொல்ல வேண்டும். "ஆமாம், நான் சொன்னது இதுதான்" என்று எதிராளியே தலையாட்டினால்தான் மேற்கொண்டு பேசலாம். சொல்ல முடியாவிட்டால் நடுவர் வெண்கல மணியை அடிப்பார். பிள்ளைகள் ஒரே குரலில், "பதிலில்லை! கீழே இறங்கு!" என்று கத்துவார்கள். தோற்றவர் இறங்கும்வரை விடமாட்டார்கள். வென்றவர் மேல் தோற்றவருக்கு அதன்பின் எந்த அதிகாரமும் கிடையாது. மணியடிக்கும் நடுவர் ஷைலஜா.

நிர்வாகக் குழுத் தலைவர் பாபுராவ் ஜக்தாப் முன்நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். விருந்தினர் வந்த நாளில் அவர் ஊரில் இல்லை. ஏதோ ஒரு பெண் மரியாதையில்லாமல் பேசினாள் என்பது மட்டும்தான் அவருக்குப் போன செய்தி. உத்பலாவின் அம்மா யசோதரா, அரசு மருத்துவமனை நர்ஸ், இரவு வேலை முடிந்து வெள்ளைப் புடவையோடு வந்து சுவரோரம் நின்றாள்.

மாற்றுச் சான்றிதழை மேடையோரத்து மேசையில் வைத்துவிட்டு, நிம்கர் மேடையில் நின்று குரு பக்தியைப் பற்றி நீளமாகப் பேசினார். பிறகு அடக்கமாகச் சிரித்து, "வா உத்பலா, செய்ய வேண்டியதைச் செய்" என்றார்.

உத்பலா மேடை ஏறினாள். குனியவில்லை. "இன்னிக்கு சனிக்கிழமை சார்" என்றாள்.

"அதுக்கு?"

ஷைலஜா எழுந்தாள். "மேடையில ரெண்டு பேர் ஏறியாச்சு. மாற்றுக் கருத்து இருக்கு. முறைப்படி வாதம் நடக்கணும் சார். நீங்க போட்ட முறைதானே?"

"இது விளையாட்டு இல்ல டீச்சர்."

"விளையாட்டுன்னு நீங்க எங்களுக்குச் சொன்னதே இல்லையே!"

ஜக்தாப் தொடையைத் தட்டிச் சிரித்தார். "நடக்கட்டும் டாக்டர் சாகேப்! சின்னப் பொண்ணுகிட்ட என்ன பயம்? அஞ்சு நிமிஷம், வேடிக்கையாத்தான் இருக்கும்."

வேறு வழியில்லாமல் நிம்கர் மணையில் உட்கார்ந்தார். "சரி. முதல்ல என் கட்சியைச் சொல்லு பார்க்கலாம்" என்றார். அந்தப் பெண்ணுக்கு அது வராது என்ற தைரியம் அவருக்கு.

உத்பலா எதிர் மணையில் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு பேசினாள். "சார் சொல்றது இதுதான். வேற வேற பழக்கம் இருக்கறவங்க ஒரே கூரைக்குக் கீழ சண்டை இல்லாம இருக்கணும். சண்டை இல்லாம இருக்கறதுக்குப் பேருதான் இணக்கம். எங்களை மாதிரிப் பிள்ளைங்க பக்கத்துல உட்கார்ந்தா சில வீடுகள்ல மனசு கஷ்டப்படும். அவங்க மனசு கஷ்டப்பட்டா பள்ளிக்கூடத்துக்கு ஆபத்து. எங்க மனசு கஷ்டப்பட்டா ஒண்ணும் ஆகாது, நாங்க பொறுத்துக்குவோம். அதனால யார் கஷ்டப்பட்டா சண்டை வராதோ, அவங்களைப் பின்னாடி உட்கார வைக்கணும். சரியா சார்?"

நிம்கர் தலையாட்டினார். ஒரு நல்ல மாணவி பாடத்தைப் பிசகில்லாமல் ஒப்பித்த திருப்தி அவர் முகத்தில் தெரிந்தது. "ஆமாம். நான் சொன்னது இதுதான். ரொம்பத் தெளிவா சொன்னே" என்றார்.

பின்பக்கம் நின்ற ஆசிரியர்களில் ஒருவர் தலை குனிந்துகொண்டார். ஷைலஜாவுக்குக் காதெல்லாம் கொதித்தது. அடப்பாவி மனுஷா, என்ன சொல்லித் தலையாட்டினாய் என்றாவது உனக்குத் தெரிகிறதா? தெரியவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. இத்தனை படிப்பும் இந்த மனிதரின் காதுக்குள் ஒரு சொல்லைக்கூட நுழையவிடவில்லையே!

"இப்ப என் கேள்வியை நீங்க சொல்லுங்க சார்" என்றாள் உத்பலா.

நிம்கர் தொண்டையைச் செருமினார். "இவள் கேட்டது... நம்ம பந்தி முறையில ஒரு சின்னச் சந்தேகம்."

"இல்ல சார். நான் கேட்டது அது இல்ல."

"சமத்துவம்னு ஒரு கருத்து. அதை மேல்நாட்டுல எப்படிப் பார்க்கறாங்கன்னா..."

"இல்ல சார்."

"அட, என்னதான் கேட்டா? சொல்லித் தொலைங்களேன்" என்றார் ஜக்தாப், நாற்காலியில் முன்னால் நகர்ந்து.

நிம்கர் ஜக்தாப்பைப் பார்த்தார். முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஜக்தாப்பின் பேரனைப் பார்த்தார். உங்கள் வீட்டு மட்டனுக்கும் வாக்மாரே வீட்டு மட்டனுக்கும் என்ன வித்தியாசம் என்று தன் வாயால் கேட்க வேண்டும். கேட்டால், வித்தியாசம் மட்டனில் இல்லை என்பதையும் அதே வாயால் சொல்லியாக வேண்டும்.

"ஒரு குழந்தையோட உளறலைத் திருப்பிச் சொல்ல நான் இங்க உட்காரல" என்றார்.

ஷைலஜா மணியை எடுத்தாள். வேலை போகும் என்று தெரியும். போகட்டும். பத்து வருடம் சும்மா இருந்த கை அது. ஓங்கி அடித்தாள்.

பிள்ளைகள் யாரும் யோசிக்கவில்லை. மணி அடித்தால் என்ன செய்ய வேண்டும் என்று நிம்கர்தானே அவர்களைப் பழக்கியிருந்தார்! கேட்டதும் கீழ்ப்படி என்று அவர் சொல்லிக்கொடுத்த அத்தனை பணிவும் ஒரே குரலாக எழுந்தது.

"பதிலில்லை! கீழே இறங்கு!"

"டீச்சர், நிறுத்தச் சொல்லுங்க!" என்று நிம்கர் கத்தினார்.

"பதிலில்லை! கீழே இறங்கு!" முன்வரிசையும் கத்தியது, பின்வரிசையும் கத்தியது. ஜக்தாப்பின் பேரன் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தினான்.

மூன்றாம் முறை குரல் எழுந்தபோது நிம்கர் வேட்டியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் மேடையிலிருந்து இறங்கினார். உத்பலா தன் பலகையிலேயே உட்கார்ந்திருந்தாள்.

யசோதரா மேடையோரத்து மேசைக்கு வந்து, கையெழுத்தில்லாமல் கிடந்த சான்றிதழை எடுத்துப் படித்தாள். 'திருப்தியில்லை' என்ற இடத்தில் அவள் விரல் நின்றது. பிறகு அதை நிம்கரிடமே நீட்டினாள்.

"வெச்சுக்குங்க சார். என் பொண்ணை வெளியே அனுப்ப மேல ஒரு ஆள் வேணும். நீங்க கீழே இறங்கிட்டீங்க."