பெயர் மாற்றப்பட்டுள்ளது

1

இது பத்திரிகையில் நான்கு வரித் திருத்தமாக வந்திருக்க வேண்டியது. பன்னிரண்டு ஆண்டுகளாக யாரும் போடவில்லை. அதனால் கதையாக எழுதுகிறேன்.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘அரூர் வட்டாரத்தின் முதல் பெண் புலனாய்வு நிருபர் ரோசம்மாள், அஞ்சா நெஞ்சத்துடன்...’

(படித்துக் காட்டியதும் அவர் சிரித்துவிட்டார். “அஞ்சா நெஞ்சமா? அந்த வேனுக்குப் பின்னால மொபெட்ல போனப்ப எனக்கு வயித்தாலயே போயிருச்சு தம்பி. அத எழுது.”)

எழுதிவிட்டேன்.

2

வேனில் ஸ்கேன் கருவியோடு ஊர் ஊராக வந்து, வயிற்றில் இருப்பது பெண்ணா என்று ஒரு கும்பல் சொல்லிக்கொண்டிருந்தது. ரோசம்மாள் எட்டு மாதம் அதைத் தொடர்ந்தார். வாய் திறந்தவர் ஒரே ஒரு பெண். இரண்டு பெண் குழந்தைகளுக்குப் பிறகு மூன்றாவதைச் சுமந்தவர். மாமியார் வீட்டாரால் வேனில் ஏற்றப்பட்டவர். பெண் என்று தெரிந்தும் கலைக்க மறுத்தவர். செய்தி வந்தது, கும்பல் பிடிபட்டது. அவரை ‘மணிமேகலை’ என்று எழுதி, பெயர் மாற்றப்பட்டுள்ளது என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தார் ரோசம்மாள்.

ஆனால் கண்ணில் பட்டதை விடாத நிருபர் அவர். ‘சம்பங்கிப் பூ பறித்தபடியே பேசினார்’ என்றும் எழுதினார். அந்த ஊர் முழுக்க மரவள்ளி. சம்பங்கி ஒரே ஒரு வீட்டில்தான்.

(பூவை நான் மாற்றியிருக்கிறேன். ஒரே தவற்றை இரண்டு பேர் செய்ய வேண்டாம்.)

காலை டீ ஆறுவதற்குள் கடையில் ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. அன்றைக்கே மாமியார் வீட்டார் மணிமேகலையைப் பிள்ளைகளோடு வெளியே அனுப்பினார்கள்.

3

ரோசம்மாள் மன்னிப்புக் கேட்கப் போன காட்சியை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் மணிமேகலை அவர் கையைப் பிடித்துக்கொள்கிறார். அது என் ஆசை. இன்னொன்றில் கதவைச் சாத்துகிறார்; அது நியாயம். நடந்தது மூன்றாவது.

மணிமேகலை தண்ணீர் கொடுத்தார். குடித்து முடிக்கட்டும் என்று காத்திருந்தார்.

“எதுக்குங்கக்கா பேர மாத்துனீங்க?”

“உன்னக் காப்பாத்தத்தாம்மா...”

“நான் கேட்டனா? எம் பேரப் போட்டிருந்தா, ஆமா, நாந்தான் சொன்னேன்னு நின்னிருப்பேன். இப்ப ஒளிஞ்சுகிட்டுக் காட்டிக்குடுத்தவன்னு துப்பறாங்க. இனிமேலாச்சும் போடுங்க.”

எட்டு மாதத்தில் நூறு கேள்வி கேட்டவர், உன் பெயரைப் போடட்டுமா என்று மட்டும் கேட்டிருக்கவில்லை. “பொம்பளைன்னாலே மறைச்சு வெக்கணும்னு எனக்கே...” என்று என்னிடம் தொடங்கியவர், முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.

உண்மைப் பெயரோடு நான்கு வரித் திருத்தத்தை ஓய்வு பெறும்வரை ஆண்டுதோறும் பத்திரிகைக்கு அனுப்பினார். ஆசிரியர்கள் மாறினார்கள். பதில் மாறவில்லை: சட்டச் சிக்கல்.

4

போன மாதம் நாங்கள் இருவரும் மணிமேகலை வீட்டுக்குப் போனோம். (எந்த ஊர் என்று சொல்லமாட்டேன்.)

“கதையோ கட்டுரையோ, எம் பேரு வரட்டுங்க,” என்றார்.

மூத்த மகள் உள்ளிருந்து வந்தாள். “யம்மா, தையில எனக்குக் கல்யாணம். அவுங்க வூட்டுல இது எதுவும் தெரியாது. உனக்குப் பேரு பெருசா, நான் பெருசா?”

“நீ பெருசுன்னுதான்டி அன்னிக்கு வாயத் தொறந்தேன்.”

ரோசம்மாள் என் பேனாவை வாங்கி மூடினார். “ரெண்டு பேரும் பேசி முடிவு பண்ணுங்க. நாங்க எதுவும் போட்டுற மாட்டோம்.”

முடிவு இன்னும் வரவில்லை. கதை அச்சுக்குப் போகிறது. ஒரு வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்:

சொன்னவர்: ........................

உங்களில் யாருக்காவது பெயர் தெரிந்திருக்கலாம். தயவுசெய்து நிரப்பாதீர்கள். அது அவர் கையெழுத்துக்கான இடம்.