சர்க்கார் கொடுத்த லீவு

கொடிக்கயிற்றைக் கையில் பிடித்தபடி யாகப்பன் தாலுகா கச்சேரி வாசலில் நின்றான். மணி எட்டரை ஆகிவிட்டது. திண்டிவனத்திலிருந்து வரவேண்டிய தலைவரின் காரைக் காணோம். ஏழு மைலுக்கு அப்பால், வல்லத்தைத் தாண்டியிருக்கும் அவன் ஊரில் ஒன்பதுக்குப் பூசை. பூசை முடிந்த கையோடு மாதா சப்பரம் புறப்பட்டுவிடும். அதன் முன்கொம்பு இன்று அவன் தோளில் இருக்கவேண்டும். நேர்ந்துகொண்டவன் அவன்தான்.

பங்குனியில் மகள் இருதயமேரி விஷஜுரத்தில் கிடந்தாள். ஆறு வயதுப் பிள்ளை, மூன்று வாரம் சரியாகக் கண் திறக்கவில்லை. வைத்தியர் கைவிரித்த அன்று, ஆகஸ்டு பதினைந்து திருநாளுக்குப் பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் உன்னைச் சுமக்கிறேன் தாயே, பிள்ளையைக் கொடுத்துவிடு என்று அழுதான். பிள்ளை எழுந்து உட்கார்ந்தது. மாதா தன் பங்கைச் செய்துவிட்டாள், இனி அவன் பங்கு.

பதினோரு வருஷ டவாலிப் பியூன் உத்தியோகத்தில் ஒவ்வொரு ஆகஸ்டும் இதே போராட்டம்தான். கிறிஸ்துமசுக்கும் பெரிய வெள்ளிக்கும் லீவு விட்ட வெள்ளைக்காரன் மாதாவுக்கு விடவில்லை. யாகப்பன் தலையைச் சொறிந்துகொண்டு போய் நிற்பான். "சர்க்காருக்கு எத்தனை சாமிய்யா!" என்று சலித்துக்கொண்டே தாசில்தார் கையெழுத்துப் போடுவார். இந்த வருஷமும் ஆனியிலேயே எழுதிக்கொடுத்து லீவு வாங்கிவிட்டான். அப்புறம்தான் சுதந்திர நாளுக்கு விடுமுறை என்று உத்தரவு வந்தது.

"யாகப்பா, உங்க மாதாவுக்குச் சர்க்காரே லீவு வுட்டுடுச்சு!" என்று ஹெட்கிளார்க் ராமகிருஷ்ணன் சிரித்தார்.

யாகப்பனுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. கெஞ்சி வாங்கிய லீவு இனி எதற்கு? அதைக் கல்லறைத் திருநாளுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று, யாரும் கேட்காமலே வாபஸ் எழுதிக் கொடுத்துவிட்டான். பெரிய யோசனைக்காரன் என்று நினைப்பு. மனைவி அமலோற்பவம்தான் முகம் சுளித்தாள்.

"குடுத்ததை யாருனா திருப்பித் தருவாங்களா? அது மாதாவுக்குன்னு எழுதி வாங்குன லீவு. இது இன்னாத்துக்கு வுட்டுருக்கிறாங்களோ, யாருக்குத் தெரியும்?"

நேற்று சாயங்காலம் தெரிந்தது. சிப்பந்திகள் அத்தனை பேரும் காலை எட்டு மணிக்குக் கொடியேற்றத்துக்கு ஆஜராகவேண்டும். அதிலும் யாகப்பன் கட்டாயம். பூவை உள்ளே வைத்து மடித்து, கயிற்றைச் சுண்டினால் அவிழும்படி கொடி கட்டத் தெரிந்தவன் கச்சேரியில் அவன் ஒருவன்தான். மாதா கோயில் திருநாள் கொடியில் பழகிய கை. அந்தப் பெருமையை நாலு பேரிடம் அளந்தவனும் அவனேதான்.

"அய்யா, இன்னிக்கு லீவு நாள்தானுங்களே" என்று, இப்போது பக்கத்தில் நின்ற ராமகிருஷ்ணனிடம் மெல்ல இழுத்தான்.

"லீவு கொடிக்குய்யா, உன் சாமிக்கு இல்ல." அவர் குரலைத் தாழ்த்தினார். கெட்ட மனிதர் இல்லை. "நீ போயி, கயிறு சிக்கிக்கிச்சின்னா? இத்தினி வருஷம் கழிச்சு ஏறுற கொடி. கொஞ்சம் நில்லு."

நின்றான். ராஜகிரிக் கோட்டை மலைக்கு மேலே வெயில் ஏறிவிட்டது. வெறும் வயிறு காந்தியது. கொம்பில் வேறு எவனாவது தோள் கொடுத்துவிட்டால் நேர்ச்சை என்ன ஆகும்? சர்க்கார் உத்தரவு என்றால் மாதா பொறுத்துக்கொள்வாள் என்றுதான் தோன்றியது. ஆனால் போன வாரம் பிள்ளை இரண்டு நாள் சோறு வேண்டாம் என்று படுத்திருந்தது. அதை நினைத்ததும் கயிறு கையில் வழுக்கியது.

ஒன்பதேகாலுக்குக் கார் வந்தது. தலைவர் கயிற்றைத் தொட்டுக் கொடுக்க, யாகப்பன் இழுத்துச் சுண்டினான். கொடி சிக்காமல் விரிந்தது, பூ உதிர்ந்தது, கூட்டம் ஓவென்று கத்தியது. அவனும் கத்தினான். கண் நிறைந்துவிட்டது. அந்த ஒரு நிமிஷம் பிள்ளையின் நினைப்பே வரவில்லை. வராததை உணர்ந்ததும் பகீரென்றது.

யாரோ நீட்டிய கற்கண்டை வாங்காமல் ஓடியவனை ராமகிருஷ்ணன் கூப்பிட்டுத் தன் சைக்கிளைக் கொடுத்தார். தோளில் கிடந்த டவாலிப் பட்டையைக் கழற்றக்கூட மறந்து, ஏழு மைலும் எழும்பி நின்றே மிதித்தான்.

ஊருக்குள் நுழைந்தபோது சப்பரம் கடைசித் தெருவில் திரும்பிக்கொண்டிருந்தது. இடது முன்கொம்பின் கீழே, முந்தானையைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு அமலோற்பவம் நடந்தாள். அந்த ஊரில் பெண்பிள்ளை சப்பரம் தூக்கியதே கிடையாது. தூக்கி வந்த ஆண்கள் ஒருவரும் அவனைப் பார்க்கவில்லை.

"குடு, நான் தூக்கறேன்."

அவள் தோளை எடுக்கவில்லை.

"வேற ஊர்ல பூசை இருக்குதுன்னு சாமியார் நிக்கமாட்டேன்னுட்டாரு. வேற யாரையும் தூக்க வுடக்கூடாதுன்னு நான் வந்துட்டேன்." மூச்சு வாங்கியது அவளுக்கு. "நீங்க புள்ளையப் பாருங்க. காலையிலருந்து ஒரு மாதிரியா இருக்குது."

இருதயமேரி தாயின் புடவையைப் பிடித்தபடி தலை குனிந்து நடந்துகொண்டிருந்தாள். யாகப்பன் சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு ஓடி, மகளின் நெற்றியில் கையை வைத்தான். சுட்டது. ஏழு மைல் வெயிலில் சைக்கிளை இறுக்கிப் பிடித்து வந்த கை. சூடு யாருடையது என்று புரியவில்லை. இடது கையை வைத்துப் பார்த்தான். அதுவும் கொதித்தது.