இட்லிக்கு ஒரு ஓரம்

வங்காளிகளின் துர்கா பூஜைப் பந்தலில் ஒரே ஒரு தென்னிந்தியக் கடைக்குத்தான் இடம். கேட்டவர்கள் இரண்டு பேர்: நானும், ஜாதவ்பூரில் ஓட்டல் நடத்தும் குருமூர்த்தியும். லேக் கார்டன்ஸ் கமிட்டியின் செயலாளர் ரஞ்சன் தா விவகாரத்தை வாட்ஸப்பில் தள்ளிவிட்டார். ஆளுக்கு ஒரு படம் அனுப்ப வேண்டும். சாயங்காலம் உறுப்பினர்கள் பார்த்துத் தேர்ந்தெடுப்பார்கள். ருசியைக் கண்ணால் பார்த்து முடிவு செய்யும் கமிட்டி.

நான் விருதுநகரில் மொத்தக்கடைகளுக்கு நடுவே வளர்ந்தவன். அலமாரியில் ஒரு தட்டு காலியாகக் கிடந்தால் எங்கள் வீட்டில் அதைத் துக்கச் செய்தி மாதிரி பேசுவார்கள். அதனால் லேக் மார்க்கெட்டில் இருக்கும் எங்கள் டிபன் கடை மேஜையில் இட்லி, வடை, பொங்கல், கேசரி, நாலு விதச் சட்னி, மாலை போட்ட பிள்ளையார் எல்லாவற்றையும் பரப்பினேன். டியூப்லைட்டைப் போட்டு, நேர் எதிரே நின்று போனை அமுக்கினேன்.

என் மனைவி ஜெயப்ரியா எட்டிப் பார்த்தாள். "ஏங்க, இது டிபனா, வீடு காலி பண்ற லாரியா?"

மாடியில் குடியிருக்கும் மேக்னாவைக் கூப்பிட்டோம். விளம்பரங்களுக்குப் போட்டோ எடுப்பவள், அதை வகுப்பில் சொல்லியும் கொடுப்பவள். அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்த தமிழர். இவளுக்குத் தமிழைவிட வங்காளம் சரளம். ஜெயப்ரியாவை இந்த ஊர் வழக்கப்படி பௌதி என்பாள், அதாவது அண்ணி; அண்ணன் என்றால் தாதா, சுருக்கினால் தா.

"இதுல நீங்க எதை விக்கிறீங்க?" என்றாள் என்னிடம்.

"எல்லாத்தையும்."

"அப்போ எதுவும் விக்காது. இட்லி மட்டும் இருக்கட்டும்."

பிள்ளையார் உட்பட எல்லோரும் மேஜையை விட்டு இறங்கினார்கள். டியூப்லைட்டை அணைத்துவிட்டு மேஜையை ஜன்னலோரம் இழுத்தோம். வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்ததும் இட்லியின் மேடும் பள்ளமும் தெரிந்தன. ஆனால் போனில் பார்த்தால் சிமெண்ட் நிறம்.

"கேமராவுக்கு வெள்ளையைக் கண்டா சந்தேகம். வெளிச்சம் ஜாஸ்தின்னு தானே குறைச்சுடும். இட்லி மேல தொடுங்க. சூரியன் மாதிரி வருதுல்ல? அதை மேல தள்ளுங்க" என்றாள் மேக்னா.

"பேரந்தானே இது? அது குறைச்சுக் கேக்கும், நாம ஏத்திச் சொல்லணும். இதுக்கா நீ காலேஜுக்குப் போய்ப் படிச்ச?" என்றேன்.

தள்ளினேன். இட்லி வெளுத்தது.

இதற்குள் ஜெயப்ரியா தட்டில் விரித்த வாழையிலையின் ஓரத்தில் கண்மையால் ஒரு பொட்டு வைத்துவிட்டாள். குருமூர்த்தி, கமிட்டி, அவர்கள் வீட்டார் என்று அத்தனை பேர் கண்ணும் படப்போகிறதாம்.

"பௌதி, இது வேணாம். படத்தைப் பாத்ததும் கண்ணு நேரா அங்கதான் போகும்."

"அதுக்குத்தானே வைக்கிறது?"

மேக்னா சிரித்தாள். "நான் கிளாஸ்ல ஒரு மாசம் சொல்லிக் குடுக்கிறது இதுதான். கண்ணு எங்க போகணும்னு நாம முடிவு பண்ணணும்."

போனில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளை வரவழைத்தாள். நட்டநடுவில் வைத்தால் பார்வை அங்கேயே உட்கார்ந்துவிடுமாம். கோடுகள் வெட்டும் இடத்தில் வைத்தால் தட்டைச் சுற்றி நடக்குமாம். ஜெயப்ரியா மையைத் துடைத்தாள். அந்த வெட்டும் இடத்தில் வரும்படி ஓர் இட்லியின் மேல் நல்லெண்ணெயில் குழைத்த மிளகாய்ப்பொடியை வைத்தாள். மற்றப் பக்கம் வெறும் இலை. அத்தனை காலி இடத்தையும் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு எடுத்தேன்.

படம் போய்ச் சேர்ந்த சிறிது நேரத்தில் ரஞ்சன் தாவின் போன் வந்தது.

"மகேஷ் பாபு, இது இன்டர்நெட்டில் எடுத்த படமா?" என்றார் வங்காளத்தில், பாபு என்று மரியாதை சேர்த்து.

"கடைக்கு வாருங்கள் தாதா. இன்டர்நெட்டைச் சாம்பாரோடு தருகிறேன்."

கமிட்டியில் இருவரைக் கூட்டிக்கொண்டு வந்தே விட்டார். ஜெயப்ரியா அதேபோல இலை போட்டு வைத்தாள். மூன்று தட்டும் காலியாயின. குருமூர்த்தி அனுப்பியது பதினெட்டு வகைச் சாப்பாட்டின் படம் என்றும், அதில் எது எது என்று கமிட்டி இன்னும் சண்டை போடுகிறது என்றும் ரஞ்சன் தா சொன்னார்.

"இடம் உங்களுக்குத்தான். இந்தப் படத்தையே பேனரில் போடுவோம். ஆனால் ஒவ்வொரு தட்டும் படத்தில் இருப்பது போலவே வர வேண்டும்."

"அதற்கென்ன, வரும்" என்றேன்.

அவர்கள் படியிறங்கியதும் ஜெயப்ரியா பொடிக் கிண்ணத்தை என் கையில் கொடுத்தாள்.

"பூஜை நாலு நாளும் நான் அடுப்பை விட்டு நகர முடியாது. வரும்னு சொன்னவரே வச்சுக் குடுங்க."