பொதியைவிட லேசானவன்

அந்த வருடம் செவ்வாறு என்கிற எங்கள் ஆறு எல்லோரையும் ஏமாற்றிவிட்டது. வசந்தத்தில் பொங்கி வர வேண்டிய தண்ணீர் வரவேயில்லை. அதை நம்பித்தான், அடிமைகளை வைத்திருந்த தெற்கோடு போரிட்ட வடக்கத்திப் படை பீரங்கிப் படகுகளோடு லூசியானாவுக்குள் இத்தனை தூரம் வந்திருந்தது. ஆறு கையில் இருந்தால் சோறும் குண்டும் வந்துகொண்டேயிருக்கும். இல்லாவிட்டால் எவ்வளவு பெரிய படையும் காட்டில் வழி தெரியாமல் நிற்கிற கூட்டம்தான். இப்போது படை பின்வாங்கிக்கொண்டிருந்தது. படகுகளோ அலெக்சாந்திரியா ஊருக்கு மேலே, பாறைகளுக்கு முன்னால் மாட்டிக்கொண்டு நின்றன.

அவற்றில் ஒன்றில் நானும் என் புருஷன் ப்ராஸ்பரும் இருந்தோம். பஞ்சுத் தோட்டத்து எஜமானிடமிருந்து தப்பி ஓடி வந்த அடிமைகள். நான் மாலுமிகளுக்குத் துணி வெளுத்தேன். அவன் அணை கட்டப் போனான். ஆற்றை மறித்துத் தண்ணீரைத் தேக்கி, நடுவில் விட்ட வாய் வழியாகப் படகுகளை இறக்கிவிட வேண்டும் என்பது திட்டம். கல் போதாமல் கரும்பாலையையே பிய்த்துக்கொண்டு வந்து ஆற்றில் போட்டார்கள். அந்த ஆலையின் இரும்பு உருளை ஒன்று ப்ராஸ்பரின் காலை நசுக்கிவிட்டது.

நடக்கிற படையோடு அவனால் போக முடியாது. படகை விட்டால் அவனுக்குப் பழைய எஜமான்தான் கதி. நான் ஓர் இடத்தில் உட்காரவில்லை. கரைக்கு ஓடுவேன், தண்ணீர் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பேன், திரும்பி வந்து அவன் காலைப் பார்ப்பேன்.

"உன் நடையிலயே படகு ஆடுதுடி," என்பான்.

பீரங்கிகளை இறக்கினார்கள். வழியில் தோட்டங்களிலிருந்து பிடித்து ஏற்றிய பஞ்சுப் பொதிகளை மட்டும் தொடவில்லை. பிறகு கேப்டன் வெட்மோர் வந்து நின்றார்.

"பாரம் குறையணும். தப்பி வந்த உங்க ஆளுங்க எல்லாரும் இறங்குங்க."

"பஞ்சு இறங்கலியே, கேப்டன்?"

"அது குண்டு படாம இருக்க மறைப்பு."

மறைப்பாம். பிடித்த பஞ்சை விற்றால் ஆளுக்கொரு பங்கு கிடைக்கும் என்பது சமையல்காரனுக்கும் தெரியும்.

"ஒரு பொதி எடைக்கு என் புருஷன் மாதிரி மூணு பேர் ஏறலாம். நான் பறிச்ச பஞ்சு, எனக்குத் தெரியாதா?"

"வாய் ரொம்ப நீளம்மா உனக்கு."

"முதுகுல வாங்கி வாங்கி நீண்டது, கேப்டன்."

மாலுமிகள் சிரித்துவிட்டார்கள். கேப்டன் முகம் சிவந்தது. "சரி, உன் புருஷன் இருக்கட்டும். நீயும் இருந்து தொலை. தரை தட்டிச்சுன்னா நடக்கிறதே வேற."

தட்டத்தான் செய்தது. அணையின் வாயில் இறங்கியதும் அடிப்பாகம் பாறையில் உரசி நின்றது. கேப்டன் பல்லைக் கடித்துக்கொண்டு, "பஞ்சைத் தள்ளுங்கடா," என்றார். சொத்தை எழுதிக் கொடுப்பதுபோல மாலுமிகள் தயங்கினார்கள். முதல் பொதியை நான்தான் தள்ளினேன். சவுக்கடி பட்டுப் பறித்த பஞ்சு தண்ணீரில் விழுந்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

கடைசிப் பொதியும் போனது. முன்பக்கம் மிதந்தது, பின்பக்கம் அசையவில்லை. தேங்கிய தண்ணீரோ வாய் வழியாக வடிந்துகொண்டிருந்தது. கேப்டன் ப்ராஸ்பரைப் பார்த்தார். ப்ராஸ்பர் புரிந்துகொண்டு, காலை இழுத்தபடி விளிம்பை நோக்கித் தவழ ஆரம்பித்தான்.

"எங்க போற? உக்காரு," என்று சொல்லிவிட்டு நான் குதித்தேன்.

தண்ணீர் இடுப்பளவுதான், ஆனால் ஆளை உருட்டியது. அணைக்கட்டையைப் பிடித்துக் கரையேறினேன். அங்கே எங்கள் கறுப்புச் சிப்பாய்கள் படகின் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தார்கள். நானும் பிடித்து இழுத்தேன். படகு முனகியது, நகர்ந்தது, விடுபட்டது.

"டெல்ஃபின், ஏறுடி!" என்று அவன் கத்தினான். எங்கே ஏறுவது? வாரக்கணக்கில் எங்களைக் காக்க வைத்த ஆறு அவனை ஒரே மூச்சில் வளைவுக்கு அப்பால் கொண்டுபோய்விட்டது.

பக்கத்துச் சிப்பாய் கேட்டான்: "யாரும்மா அதுல?"

"என் வீட்டுக்காரர்."

"எங்க இறங்குவாரு?"

அதை நாங்கள் பேசி வைத்துக்கொள்ளவேயில்லை.