சிவப்பு விலகிய முகம்

எங்கள் தெருமுனையில் பழைய சோப்புக் கம்பெனியின் சுற்றுச்சுவர் மட்டும் இன்னும் நிற்கிறது. உள்ளே அடுக்குமாடி வந்துவிட்டது. அந்தச் சுவரில் ஒரு பெண் சாரம் கட்டிப் படம் வரைகிறாள் என்று கேள்விப்பட்டேன். வேலை வெட்டி இல்லாத ஆள்தானே, நானும் பார்க்கப் போனேன்.

அந்தக் கம்பெனிச் சோப்பு உறையில் இருந்த அதே அழகி, மூன்று ஆள் உயரத்துக்கு. கன்னமெல்லாம் ரோஜா நிறப் புள்ளிகள், முடி மொத்தமும் ஒரே நீலம், பின்னால் கண்ணைப் பறிக்கிற மஞ்சள். வாயிலிருந்து கிளம்பிய வெள்ளைக் குமிழுக்குள் கொட்டை எழுத்தில், "கருப்பு என்ன அழுக்கா?" ஏழே நாளில் வெளுப்பு என்று கூவி விற்ற கம்பெனிக்கு நல்ல சூடு என்று சிரித்திருப்பேன். ஆனால் உதட்டின் சிவப்பு உதட்டில் இல்லை. ஒரு சாண் தள்ளிக் கன்னத்தில் கிடந்தது.

அந்தச் சிவப்பை விலக்கிய மகானுபாவன் நான்தான்.

முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன் அங்கே உறை அச்சடிக்கும் மிஷின் என் கையில் இருந்தது. முதலில் மஞ்சள், பிறகு சிவப்பு, நீலம், கருப்பு என்று ஒவ்வொரு நிறமாக ஓட்டுவோம். தாளின் மூலையில் இருக்கும் கூட்டல் குறிகள் ஒன்றன்மேல் ஒன்று உட்கார வேண்டும், இல்லாவிட்டால் நிறம் இடம் மாறி விழும். எதிரே பெரிய ஜன்னலுக்குக் கீழே தாள் சரிபார்க்கும் மேஜை. ஆறு பெண்கள். கடைசி நாற்காலியில் இருந்தவள்தான் இன்றைக்கு என் மனைவி. சர்சர் என்று தாளைப் புரட்டுவாள், ஒரு நூல் விலகினாலும் உருவி எறிந்துவிடுவாள். மிஷினைத் துடைக்கிற சாக்கில் அவளைப் பார்த்துக்கொண்டே நிற்பேன். அந்த மை வாசனைக்கு இன்றைக்கும் என் மூக்கு ஏங்குகிறது. எங்கள் வாழ்க்கையில் அதைவிட நல்ல காலம் வந்ததில்லை.

அப்படிப் பார்த்துக்கொண்டு நின்ற ஒரு நாள்தான் சிவப்பு நிறத்துக்கான அச்சுத் தகடு நழுவியது. கவனிப்பதற்குள் இருநூறு தாள் பாழ். ஏற்கெனவே எனக்கு இரண்டு மெமோ. மூன்றாவது வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். சரிபார்த்த கட்டின்மேல் அவரவர் எண் போட்ட சீட்டை வைப்பது அங்கே வழக்கம். சாப்பாட்டு நேரத்தில் கைக்கு எட்டிய ஒரு கட்டின் சீட்டைத் தூக்கி, பாழான தாள்களை நடுவில் செருகி, சீட்டைத் திரும்ப வைத்தேன். எந்தக் கட்டு யாருடையது என்று அந்த நேரத்தில் யோசிக்கவில்லை. கோழைக்கு ஏது யோசனை?

உறைகள் கடைக்குப் போய்ப் புகார் வந்தது. சீட்டில் அவள் எண். அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். அடுத்த வருஷம் கல்யாணம் செய்துகொண்டோம். பரிகாரத்துக்காக அல்ல, நிஜமாகவே அவள்மேல் உயிராக இருந்தேன். அதனால்தான் சொல்லப் பயந்தேன். அதன்பிறகு அவள் எந்த வேலைக்கும் போகவில்லை. துணி எடுக்கப் போனால்கூட, "நீங்களே பாருங்க, என் கண்ணை நம்ப முடியாது" என்பாள். நானும் வெட்கமில்லாமல் பார்த்துக் கொடுத்தேன்.

சுவர்ப் படத்தைப் பற்றி அக்கம்பக்கத்தில் யாரோ ஊதிவிட, மறுநாள் அவளும் கிளம்பிவிட்டாள். ஓவியக்காரி சாரத்திலிருந்து இறங்கி வந்து, பழைய பேப்பர் கடையில் கிடைத்த, சிவப்பு விலகிய கசங்கிய உறையைக் காட்டினாள்.

"இந்த விலகல்தான் எனக்குப் படமே. யாரோ ஒரு தொழிலாளி வேணும்னே காட்டின எதிர்ப்பு மாதிரி இல்ல?"

"எதிர்ப்பும் இல்ல, ஒண்ணும் இல்லம்மா" என்றாள் என் மனைவி, தலையைக் குனிந்துகொண்டு. "நான்தான் பார்க்காம விட்டுட்டேன். என் தப்பு."

முன்பின் தெரியாத பெண்ணுக்கு எதிரே அவள் குற்றவாளி மாதிரி நின்றதைப் பார்த்ததும் எனக்குத் தாங்கவில்லை. எல்லாவற்றையும் அங்கேயே கொட்டினேன். இருநூறு தாள், சீட்டு, சாப்பாட்டு நேரம், எதையும் விடவில்லை. ஓவியக்காரி தூரிகையைக் கழுவுகிற சாக்கில் ஒதுங்கிப் போனாள்.

என் மனைவி அழவில்லை. நிமிர்ந்து, சுவரில் கன்னத்தில் கிடந்த சிவப்பைப் பார்த்தாள்.

"அப்ப என் கண்ணுல கோளாறு இல்ல."

"ஒரு நாளும் இல்ல."

"எங்க அப்பா சாகறவரைக்கும் என்னைக் கவனமில்லாதவள்னுதான் சொன்னாரு. நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தீங்க."

நான் சாரத்தின் மூங்கிலைப் பிடித்துக்கொண்டேன்.

"அந்த மேஜையில இருந்த அஞ்சு பேர், சூப்பர்வைசர், எங்க அக்கா. ஒவ்வொருத்தர் வீட்டுக்கும் என்னோட வாங்க. இப்ப என்கிட்ட சொன்னதை அப்படியே அவங்ககிட்ட சொல்லுங்க."

"பாதிப் பேர் போய்ச் சேர்ந்துட்டாங்களே" என்றேன்.

"அதான் சொல்றேன், மிச்சப் பேராவது இருக்கறப்பவே நடங்க" என்றாள். எனக்காகக் காத்திருக்காமல் முன்னால் நடந்தாள்.